மூடியில் ஒரு துளை

நம் இல்லத்து முன்னறையில் நான்கடி நீளமுள்ள மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. நாம் விரும்பி வாங்கியதன்று. அயல்நாட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் ஒன்று, விற்க மனமில்லை என்று சொல்லி, மீன்களோடு நம்மிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றது. ஏறத்தாழ 250 லிட்டர் நீர், அதில் ஏழு தங்க மீன்கள், கொஞ்சம் வேலம்பாசி. தொட்டியைத் தாங்கும் மர அலமாரிக்குள் இன்னொரு சிறு தொட்டி. மேல்தொட்டியில் நிரம்பி வழியும் நீர், மூலையில் தடுக்கப்பட்ட குறுகிய அறைக்குள் விழுந்து, அங்கே நிற்கும் குழாய் வழியாகக் கீழே இறங்கும். கீழ்த்தொட்டியில் பஞ்சுக்குள்ளும் கற்களுக்குள்ளும் புகுந்து தூய்மையாகும். பின்பு ஒரு சிறு பம்பு அதனை மீண்டும் மேலே ஏற்றும். இந்தக் கீழ்த்தொட்டிக்குக் கடைக்காரர்கள் இட்டிருக்கும் பெயர் 'சம்ப்' என்பதாகும். முற்றத்தில் மண்ணுக்கடியில் குடிநீர் தேக்கும் சம்ப்பை மட்டுமே அறிந்திருந்த நமக்கு, அலமாரிக்குள்ளும் ஒரு சம்ப் இருக்கக்கூடும் என்பது புதுச் செய்தியாயிற்று.

தொட்டி வந்து ஒன்பது மாதம் வரை அது ஓசை எழுப்புகிறது என்பதையே நாம் அறியவில்லை. நம் அறை இல்லத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஐப்பசி மழையில் அவ்வறையின் கூரை ஒழுகத் தொடங்கவே, இரவுப் படிப்பை முன்னறைக்கு மாற்றிக்கொண்டோம். அன்று இரவு பத்து மணிக்குமேல், தெரு அடங்கிய பிறகு, குழாய் பேசத் தொடங்கியது. முதலில் களகளவென்று ஒரு சலசலப்பு. பின்பு, காலியான இளநீரை உறிஞ்சுவது போன்ற நீண்ட இழுப்பு. முடிவில் 'குபுக்' என்று ஒரு விழுங்கல். சற்று நேரம் ஓய்வு. மீண்டும் களகள, மீண்டும் இழுப்பு, மீண்டும் குபுக். எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அடுத்த விழுங்கல் எப்போது வரும் என்று காது எதிர்பார்த்துக் காத்திருந்தது.

இரண்டு இரவுகள் பொறுத்தோம். மூன்றாம் இரவு, உருண்டையான நுரைப்பஞ்சு ஒன்றை எடுத்துக் குழாயின் வாயில் திணித்தோம். ஓசை நின்றது. நீர் பஞ்சினூடே கசிந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது. எத்துணை எளிய மருந்து என்று நம்மையே மெச்சிக்கொண்டோம். மௌனத்தின் மாண்பு குறித்து எத்தனையோ உரைகள் ஆற்றியிருக்கிறோம். மௌனத்தை ஒரு பஞ்சு உருண்டையால் உண்டாக்கிவிடலாம் என்று அன்றுதான் கண்டோம்.

அந்த அமைதி நான்கு நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் நாம் எழுந்து வந்தபோது முன்னறை முழுதும் ஈரம். நம் குசினிக்காரப் பெரியவர் சாக்கை விரித்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பம்பின் மின்னிணைப்பு பிடுங்கப்பட்டிருந்தது. கொடியில் அவருடைய பாய் நனைந்து தொங்கியது. நடந்தது இதுதான்: பாசியின் அழுகிய இலைகளும் ஒரு நத்தையும் பஞ்சில் வந்து அடைந்துகொண்டன. இறங்க வேண்டிய நீர் இறங்கவில்லை. பம்பு மட்டும் கீழ்த்தொட்டியில் இருந்ததையெல்லாம் மேலே ஏற்றிக்கொண்டே இருந்தது. மேல்தொட்டி விளிம்பைத் தாண்டி வழிந்தது. கீழ்த்தொட்டி வற்றிப் பம்பு காய்ந்து கதறியபோது, முன்னறையை அடுத்த சிறு அறையில் படுத்திருந்த பெரியவர் நனைந்த பாயிலிருந்து எழுந்து வந்து நிறுத்தியிருக்கிறார்.

"என்னை எழுப்பியிருக்கலாமே?" என்றோம்.

"எதுக்கு சாமி உங்க தூக்கத்தையும் கெடுக்கணும்? ரெண்டு குடம் தண்ணிதானே" என்றார்.

'உங்க தூக்கத்தையும்' என்பதில் இருந்த அந்த 'உம்' நம்மை உறுத்தியது. தொட்டியின் ஓசை அவருக்கு இடைஞ்சலாக இருந்ததா என்று அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டோம். அவர் சாக்கைப் பிழிந்துகொண்டே, "முதல் ரெண்டு மூணு மாசம் தூக்கமே இல்ல சாமி. அப்புறம் பழகிப்போச்சு" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க ஆசையா தீனி போடுறதைப் பாத்தேன். நான் என்னத்தைச் சொல்ல?" என்று மட்டும் சொன்னார்.

எழுபது வயதைக் கடந்தவர் அவர். நாம் மூன்று இரவு தாங்க முடியாததை அவர் மாதக்கணக்கில் தாங்கியிருக்கிறார். அவர் பேசாததை நாம் எந்தக் குறையும் இல்லாத நிலை என்று கொண்டிருந்தோம். குழாயின் வாயில் பஞ்சைத் திணித்தது நான்கு நாளைக்கு முன்புதான். ஆனால் அவருடைய வாயில் அதற்கு ஒன்பது மாதம் முன்பே ஏதோ ஒன்றைத் திணித்திருக்கிறோம். அது என்ன? நாம் அவரை அதட்டியதில்லை. பேசாதே என்று சொன்னதுமில்லை. இந்தக் கேள்வியோடுதான் குழாயைச் சீர்செய்யும் வேலையில் இறங்கினோம். ஆகவே இக்கட்டுரையில் குழாயும் வரும், கேள்வியும் வரும். வாசக அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

*

முதலில் ஓசையின் பிறப்பை அறிய வேண்டும். குழாயிலிருந்து வருவது நீரின் ஓசை என்றே நாம் எண்ணியிருந்தோம். அது பிழை. தடையின்றி ஒழுகும் நீர் பெரும்பாலும் ஊமை. நீர் தன்னுள் காற்றைச் சிறைப்பிடிக்கும்போது உண்டாகும் குமிழி, விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கி அதிர்கிறது. அவ்வதிர்வே நம் செவிக்குக் களகளவென்று கேட்கிறது. சூரியனை ஆராய்ந்த வானியலாளரான மார்செல் மின்னார்ட் 1933 இல் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நீருக்குள் வினாடிக்கு ஏறத்தாழ 3,000 முறைக்குமேல் அதிரும். மூன்று மில்லிமீட்டர் ஆரமுள்ளது ஏறத்தாழ 1,000 முறை. குமிழி பெரிதாக ஆகக் குரல் தாழும். கதிரவனை நோக்கியிருந்த ஒருவர் வாய்க்காலின் சலசலப்புக்கும் காது கொடுத்திருக்கிறார் என்பது நமக்கு மகிழ்ச்சி அளிக்கிறது. அருவியின் பாட்டு என்று நாம் சொல்வதெல்லாம் நீருக்குள் அகப்பட்ட காற்றின் குரல்தான்.

அப்படியானால் காற்றை முற்றிலும் விலக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். ஆனால் மீன் உயிர்வாழ்வது நீரில் கரைந்த காற்றால் அன்றோ? இது குறித்து ஒரு பழைய நிகழ்ச்சி உண்டு. 1846 இல் ஆனா தைன் என்னும் ஆங்கிலப் பெண்மணி டார்க்கீ கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து தம் வீட்டில் வளர்த்தார். அக்காலத்தில் பம்பு ஏது? கடல்நீரைத் திறந்த சன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்கு உயர்த்தி ஊற்றி ஊற்றிக் காற்றேற்றும் வேலை வீட்டுப் பணிப்பெண்ணுக்கு உரியதாயிற்று. நாம் தேநீர் ஆற்றுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். நீர் விழும் ஓசைதான் அப்பவளங்களின் மூச்சு. மீன் தொட்டி வரலாற்றின் தொடக்கத்தில் அந்தப் பெண்மணியின் பெயர் நிற்கிறது; ஊற்றிய தோள்களின் வலியை நாம்தான் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவருடைய அழகிய பொழுதுபோக்குக்குக் கீழே இன்னொருவருடைய உடல் இருப்பது இன்று தொடங்கியதன்று.

நம் குழாய்க்கு வருவோம். அதன் வாய் மேல்நோக்கித் திறந்திருந்தது. நீர் சுழன்று இறங்கும்போது சுழியின் நடுவே காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஒரே குழாயில் இரண்டும் நெருக்கியடித்து இறங்குவதால் களகளப்பு உண்டாகிறது. சிறிது நேரத்தில் குழாய் முழுவதும் நீரால் நிறைந்துவிடுகிறது. அப்போது, உயரத்திலிருக்கும் நீரைத் தாழ்விடம் இழுக்கும் வடிகுழாய் விசை தோன்றி, பம்பு ஏற்றும் வேகத்தைக் காட்டிலும் விரைவாக நீரை உறிஞ்சிவிடுகிறது. மட்டம் தாழ்கிறது, காற்று உள்ளே பாய்கிறது, நீண்ட இழுப்பும் 'குபுக்' என்ற விழுங்கலும் அதுதான். விசை அறுந்ததும் மட்டம் மறுபடி உயர்ந்து, அதே நாடகம் மீண்டும் தொடங்குகிறது. ஆக, குழாயின் குற்றம் அது காற்றை விரும்புவதன்று. காற்றுக்கும் நீருக்கும் ஒரே வாயைக் கொடுத்திருக்கிறோம் என்பதே.

இதற்கு மீன் வளர்ப்போர் கண்டிருக்கும் பரிகாரம் மிக எளியது. வண்ண மீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூரில் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் தாளில் வரைந்து காட்டினார். அமெரிக்க மீன் வளர்ப்பாளர்களிடையே தோன்றிய இம்முறைக்கு 'டர்சோ குழாய்' என்று பெயராம். நிற்கும் குழாயின் தலையில் ஒரு 'டீ'யைப் பொருத்த வேண்டும். அதன் பக்கவாட்டுக் கையில் ஓர் 'எல்போ'வை மாட்டிக் கீழ்நோக்கி வளைக்க வேண்டும். அதன் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். 'டீ'யின் மேல்வாயை ஒரு மூடியால் அடைத்து, அம்மூடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை இட வேண்டும். இவ்வளவுதான். நீர், மேற்பரப்பைக் கலக்காமல், அடியிலிருந்து அமைதியாக நுழைகிறது. காற்று, மூடியின் துளை வழியே தனக்கு வேண்டிய அளவு தனியாக நுழைகிறது. இரண்டும் வாசலில் முட்டிக்கொள்வதில்லை. துளை சிறிதாயின் விழுங்கல் ஓசை மீளும். பெரிதாயின் நீர் குழாய்ச் சுவரில் மோதி இறங்கும் இரைச்சல் கேட்கும். சிறிதில் தொடங்கிப் பெரிதாக்குவதே முறை. எந்த இணைப்பையும் பசையிட்டு ஒட்டக் கூடாது. துப்புரவுக்குக் கழற்ற வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் ஓசை அடங்கியது. ஆயினும், மூடியின் துளையருகே காதை வைத்தால் மெல்லிய 'ஸ்' என்ற ஒலி. முன்பிருந்த மனநிலை முற்றும் போகவில்லை போலும். அதையும் நிறுத்திப் பார்ப்போம் என்று விரலால் துளையை அடைத்தோம். அரை நிமிடம் பேரமைதி. பிறகு மூலையறையின் நீர் மளமளவென்று தாழ்ந்து, முன்பு கேட்டதைவிடப் பெரிய விழுங்கல் ஒன்று அலமாரியையே உலுக்கியது. பெரியவர் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். விரலை எடுத்துவிட்டோம்.

இதை நாம் பலமுறை எண்ணிப் பார்த்தோம். பஞ்சும் ஓசையை நிறுத்தியது. துளையிட்ட மூடியும் ஓசையை நிறுத்தியது. வெளியிலிருந்து கேட்பவருக்கு இரண்டு அமைதிக்கும் வேறுபாடு இல்லை. ஒன்றில் போக்கு அடைக்கப்பட்டது. மற்றொன்றில் போக்கு கொடுக்கப்பட்டது. எது எந்த அமைதி என்று காதால் அறிய முடியாது என்பதே இதிலுள்ள இடர். திறந்து பார்த்தால்தான் தெரியும்.

*

பேசாதிருப்பவரைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? குருத்துவக் கல்லூரியில் பயின்ற காலத்தில் நாம் மனப்பாடம் செய்த விதி ஒன்று நினைவுக்கு வருகிறது. 1298 இல் திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ் வெளியிட்ட சட்டத் தொகுப்பின் இறுதியில் 88 சுருக்க விதிகள் உள்ளன. அவற்றுள் 43 ஆவது, பேசாதிருப்பவர் உடன்படுவதாகக் கருதப்படுவார் என்னும் பொருளுடையது. உலகெங்கும் வழக்காடுவோர் வாயில் புரளும் விதி இது. இதற்கு அடுத்த 44 ஆவது விதியை யாரும் அவ்வளவாக எடுத்தாள்வதில்லை. பேசாதிருப்பவர் ஒப்புக்கொள்வதுமில்லை, மறுப்பதுமில்லை என்பது அதன் கருத்து. நமக்கும் 43 நினைவில் நின்றது; 44 ஐப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் மீட்டுக்கொண்டோம். எது நமக்கு வசதியோ அது நினைவில் நிற்கிறது.

1535 இல் தாமஸ் மூர் வழக்கு மன்றத்தில் நின்றபோது இந்த விதியையே தமக்கு அரணாகக் கொண்டார். அரசரின் தலைமை குறித்து அவர் வாய் திறக்காததைப் பகைமை என்றனர் குற்றஞ்சாட்டியோர். வழக்கின்படி மௌனம் உடன்பாடாகவே கொள்ளப்பட வேண்டும் என்றார் அவர். அவர் உடன்படவில்லை என்பதை இங்கிலாந்து முழுதும் அறிந்திருந்தது. ஒரே மௌனம், கேட்பவருக்கு ஏற்பப் பகைமையாகவும் உடன்பாடாகவும் மறுப்பாகவும் நிற்கிறது. அதற்குப் பொருள் கொடுப்பவர் பெரும்பாலும் அதிகாரம் உள்ளவரே. இதுதான் நம்மை அச்சுறுத்துகிறது. நம் பெரியவரின் மௌனத்துக்கு ஒன்பது மாதம் பொருள் கொடுத்தவர் நாமே. அதில் நமக்கு நட்டம் ஏதும் இல்லாத பொருளையே கொடுத்தோம்.

அவருடைய மௌனம் அச்சத்தால் விளைந்தது என்று சொன்னால் அது அவருக்கு இழைக்கும் அநீதி. அதில் அன்பும் இருந்தது. நம் சிறு மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம் என்ற பெருந்தன்மை இருந்தது. தம் தூக்கத்தைத் தாமே கொடையாக அளித்துவிட்டார். கொடையை மறுக்கும் உரிமை நமக்கு இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் கொடையைப் பெறுகிறவன், தான் பெறுகிறான் என்பதையாவது அறிந்திருக்க வேண்டாமா? அறியாமல் பெற்றது கொடையாகுமா, கவராமல் கவர்ந்ததாகுமா? இக்கேள்விக்கு நாம் முடிந்த முடிபு காணவில்லை. அறியாமை நம்மைக் குற்றத்திலிருந்து ஓரளவு விடுவிக்கும் என்று நூல்கள் கூறும். எளிதில் அறிந்திருக்கக் கூடியதை அறிய முயலாத அறியாமைக்கு அந்தச் சலுகை இல்லை என்றும் அதே நூல்கள் கூறும். அவருடைய அறைக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஓரிரவு அங்கே நின்று பார்த்திருந்தால் போதும்.

பொது இடத்து ஓசைக்கு வரம்பு உண்டு. நம் நாட்டில் 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபெல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. ஒலிபெருக்கியைக் கூடுதலாக அலறவிட்டால் அண்டை வீட்டார் காவல் நிலையத்துக்குப் போகலாம். ஒரே கூரையின்கீழ் வாழ்பவர் எங்கே போவார்? வீட்டுக்குள் எழும் ஓசைகளும் அவற்றைப் பொறுக்கும் மௌனங்களும் எந்த விதிக்கும் உட்படுவதில்லை. இரவெல்லாம் ஓடும் தொலைக்காட்சியின் எதிரே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை; ஆண்டுக்கணக்காகத் தனக்குப் பிடிக்காத ஏற்பாடு ஒன்றில் வாழ்ந்து, முதலில் சொல்லிப் பார்த்து, பின்பு சொல்வதை நிறுத்திவிட்ட மருமகள். 'இப்போதெல்லாம் வீட்டில் சண்டையே இல்லை சாமி' என்று பெரியோர் நம்மிடம் மகிழ்ந்து கூறும்போது நாமும் உடன் மகிழ்ந்திருக்கிறோம். அந்த வீட்டில் மூடியில் துளை இருந்ததா, குழாயில் பஞ்சு இருந்ததா என்று நாம் பார்த்ததில்லை. நம் கூட்டங்களில் மட்டும் என்ன? எவரும் எழுந்து மறுக்காத தீர்மானத்தை 'ஒருமனதாக நிறைவேறியது' என்று குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறோம். பின்வரிசையில் கைகளை மடித்துக்கொண்டு அமர்ந்திருந்தவர்களின் முகங்கள் இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழும். எல்லா ஓசைக்கும் செவிசாய்க்க முடியுமா? வீணே முணுமுணுப்பவர் இல்லையா? உண்டு. நம் தொட்டியிலும் அத்தகைய ஓசைகள் இருந்தன. பம்பு மரப்பலகையோடு சேர்ந்து ரீங்காரமிட்டது. குழாய் ஒன்று அலமாரிச் சுவரில் உரசிக் கடகடத்தது. அவை எதையும் அறிவிக்கவில்லை, வெற்று அதிர்வுகள். பம்பின் கீழே நுரைப்பஞ்சைப் பரப்பினோம், விறைப்பான குழாய்க்குப் பதில் வளையும் இரப்பர்க் குழாய் வைத்தோம், அடங்கின. வேடிக்கை என்னவென்றால், பம்பின் கீழே சென்றது குழாயின் வாயில் திணித்த அதே பஞ்சுதான். கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டோம். பஞ்சு தீயதன்று, அதை வைத்த இடம்தான் தீயதாயிற்று.

மூலையறைக்குள் நீர் உயரத்திலிருந்து விழும் இரைச்சலுக்கு, நிற்கும் குழாயைச் சற்று நீளமாக்கி உள்ளே நீர்மட்டத்தை உயர்த்தியதே போதுமானதாயிற்று. குழாயின் கீழ்நுனி கீழ்த்தொட்டியின் நீரில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மூழ்கியிருக்கலாம். அதற்குமேல் ஆழ்ந்தால் உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியின்றி ஏப்பம் விடும். இவையெல்லாம் ஒரு பிற்பகல் வேலை.

*

வேலை முடிந்தது என்று எண்ணியபோது கொளத்தூர் இளைஞர் ஒரு கேள்வி கேட்டார். "இந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் உங்களுக்கு எப்படித் தெரியும், ஃபாதர்?"

தெரியாது. அதுதான் உண்மை. ஓசையிட்ட குழாயில் ஏதாவது சிக்கினால் அதன் குரல் மாறும். பழகிய காது அறிந்துகொள்ளும். இப்போது அமைதி. நன்றாக ஓடினாலும் அமைதி, அடைத்துக்கொண்டாலும் அமைதி. காற்றே புகாதவாறு கேட் வால்வால் அளந்து, குழாய் நிறைய நீரை இறக்கும் வேறொரு முறையும் உண்டு. 'ஹெர்பி முறை' என்பர். அது டர்சோவைக் காட்டிலும் அமைதியானது. ஆனால் ஒரு நத்தை புகுந்தால் நிலை தடுமாறிவிடும். ஆகவே அம்முறையைக் கையாள்வோர் ஒற்றைக் குழாயோடு ஒருபோதும் நிறுத்துவதில்லை. வால்வு வைத்த குழாய்க்குப் பக்கத்தில், வாய் சற்று உயரமாக, வால்வு ஏதுமின்றி, இரண்டாவது குழாய் ஒன்று வறண்டே நிற்கும். முதற்குழாய் சோர்ந்தால் நீர்மட்டம் உயர்ந்து இரண்டாவதில் இறங்கும். மூன்று குழாய் வைப்போரும் உளர். அந்த முறைக்கு 'பீன் அனிமல்' என்று பெயர். இத்துறையில் பெயர்களைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

நம் தொட்டியின் மூலையறையில் இரண்டு துளைகள் இருந்தன. ஒன்று நீர் இறங்க, மற்றொன்று பம்பிலிருந்து ஏற. ஏறும் குழாயைத் தொட்டியின் பின்விளிம்பு வழியாக வெளியே மாற்றிவிட்டு, அந்தத் துளையில் வறண்ட குழாயை நிறுத்தினோம். ஏறும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை ஒன்றும் இட்டோம். மின்சாரம் நின்றால் மேல்நீர் அதன் வழியே திரும்பி வடியும். அத்துளை வெளிப்பட்டுக் காற்று புகுந்ததும் வடிதல் நின்றுவிடும். அது பாசியால் மூடிக்கொள்ளாமல் அவ்வப்போது குச்சியால் குத்திவிட வேண்டும். கீழ்த்தொட்டியில் அந்தத் திரும்பிவரும் நீருக்கு இடம் இருக்க வேண்டும். அதேபோல, வடிகால் முழுதும் அடைபட்டாலும் மேல்தொட்டியின் மிச்ச இடம் கொள்ளும் அளவுக்கு மேற்பட்ட நீர் பம்பின் அறையில் இருக்கக் கூடாது. இரண்டு அளவையும் வண்ணக் கோடிட்டுக் குறித்துவைத்தோம். பிறகு பம்பை நிறுத்தியும் ஓட்டியும், குழாயை அடைத்தும் திறந்தும் பகலிலேயே சோதித்தோம். முன்பு நாம் செய்யத் தவறியது இதுவே.

அந்த வறண்ட குழாயின் கீழ்நுனியை என்ன செய்வது? அதையும் நீரில் மூழ்கவைத்தால் அதுவும் அமைதியாகவே இறக்கும். இளைஞர் வேண்டாம் என்றார். நீருக்கு மேலே அரையடி உயரத்தில் அது முடிய வேண்டுமாம். அந்தக் குழாய் ஒருநாள் வேலை செய்யத் தொடங்கினால் வீடே எழும்படி நீர் கொட்ட வேண்டும். சத்தம் போடுவதற்கென்றே அது வைக்கப்படுகிறது என்றார். இத்தனை பாடுபட்டு ஓசையை அடக்கிய நாம், அந்தக் குழாயை வேண்டுமென்றே சத்தமிடும் உயரத்தில் வெட்டினோம். அது இதுவரை வறண்டே நிற்கிறது. இரவில் சில நேரம் எழுந்து வந்து அதைத் தொட்டுப் பார்க்கிறோம்.

பெரியவருடைய பாயைப் பின்கட்டில் உள்ள காற்றோட்டமான அறைக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னோம். அவர் இசையவில்லை, முன்னறைப் பக்கம்தான் பழக்கமாம். வற்புறுத்தவில்லை. ஒரு வாரம் கழிந்து, காலைக் காப்பியை வைத்துவிட்டு வழக்கம்போல் போகாமல் நின்றார். சொல்ல ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, என்னவென்று கேட்டோம்.

"தப்பா நினைக்காதீங்க சாமி. சத்தமே இல்லாம தூக்கம் வரமாட்டேங்குது."

சிரிக்க இருந்தோம், அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டோம். அவர் நம்மிடம் ஒரு குறை சொல்லி நாம் கேட்பது, நமக்குத் தெரிந்து அதுவே முதல் தடவை. அன்று மாலை அலமாரிக் கதவைத் திறந்து, முதற்குழாயின் கீழ்நுனியை நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு விரற்கடை உயர்த்தினோம். நீர் மெல்லச் சலசலத்து விழுந்தது. பெரியவர் தம் அறைக்குள் போய்ப் படுத்து, கதவு வழியாகக் காது கொடுத்தார்.

"போதுமா?" என்றோம்.

"இன்னும் கொஞ்சம், சாமி."